ஏ.ஓ. மகளின் முதல் ஆப்ஷன்

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தூரில், ஜூனியர் காலேஜின் இரண்டாம் மாடிக் கம்ப்யூட்டர் அறையில் இருந்தவர்கள்:

ஏ.ஓ. ஆதிகேசவன். நிர்வாக அதிகாரி என்பது கதவுப் பலகையில் உள்ள பெயர். பத்தாவது முடித்த பிள்ளைகளைப் பிடித்து வருவதும், இன்டர் என்கிற ப்ளஸ் டூ முடித்தபின் அவர்களைத் தலைக்கு இவ்வளவு என்று ஓர் இன்ஜினியரிங் காலேஜுக்குப் பிடித்துக் கொடுப்பதும் அவர் பார்த்த வேலை.

அவருடைய மகள் ஹரிதா. அதே காலேஜ், அதே வகுப்பு. நெற்றியில் எப்போதும் காணிப்பாக்கம் பிள்ளையார் கோயில் குங்குமம்.

ஆபரேட்டர் தேவேந்திரன், கீபோர்டுக்கு முன்னால்.

இன்ஜினியரிங் நுழைவுத் தேர்வான எம்செட் எழுதி ரேங்க் வாங்கிய மற்றப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். அவர்களைப் பெற்றவர்கள், நாற்காலி கிடைத்தவர்கள் உட்கார்ந்தும் கிடைக்காதவர்கள் சுவரோரம் நின்றும்.

நின்றவர்களில் புத்தலப்பட்டு வீராசாமி. செருப்பை மாடிப்படிக்குக் கீழேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பக்கத்தில் மகள் பிரியங்கா.

கரும்பு விவசாயி கங்கையா, மகனோடு.

கடைசியில், ஜன்னலை ஒட்டி, வீராசாமியின் மகன் சிரஞ்சீவி. அவனை யாரும் கூப்பிடவில்லை.

சிரஞ்சீவிக்கு இருபத்து மூன்று வயது. ரேணிகுண்டா பக்கத்தில் செல்போனுக்குக் கேமரா பொருத்தும் கம்பெனியில் நைட் ஷிஃப்ட். ஐந்து வருஷத்துக்கு முன்னால் இதே அறையில், இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் உட்கார்ந்திருந்தான். அவன் வாங்கிய ரேங்குக்குத் திருப்பதி யுனிவர்சிட்டி காலேஜிலேயே இடம் கிடைத்திருக்கும். அது அவனுக்குத் தெரியாது. அவன் அப்பனுக்குச் சுத்தமாகத் தெரியாது. ஏ.ஓ. சாருக்கு நன்றாகத் தெரியும்.

ரேங்க் வந்தபின் பிள்ளைகள் வெப்சைட்டில் தங்களுக்கு வேண்டிய காலேஜ்களை ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகப் போட வேண்டும். மேலிருந்து பார்த்துக்கொண்டு வருவார்கள். ரேங்குக்கு எது முதலில் எட்டுகிறதோ அந்தச் சீட் விழும். வெப் ஆப்ஷன்ஸ் என்பது இவ்வளவுதான். ஆனால் அதற்குள் நுழைய ஓ.டி.பி. வேண்டும், ஓ.டி.பி. போனுக்கு வரும். ஜூனியர் காலேஜ் விண்ணப்பம் போடும்போதே எல்லாப் பிள்ளைகளின் பெயருக்கும் ஏ.ஓ. சாரிடம் இருந்த நம்பர்களைப் போட்டுவிட்டது. ஆக, பிள்ளையின் தலையெழுத்து ஏ.ஓ. சாரின் சட்டைப்பையில் அடித்தது.

அன்றைக்கும் தேவேந்திரன்தான் தட்டினான். திரையைச் சிரஞ்சீவியின் பக்கம் திருப்பவேயில்லை. சீட் கருடகிரி இன்ஜினியரிங் காலேஜில் விழுந்தது. திருப்பதிக்கு வெளியே மலையடிவாரத்தில் மூன்று மாடிக் கட்டடம். ஏ.ஓ. சார் கைகொடுத்தார். வீராசாமி ஒரு மூட்டை வெல்லத்தைத் தோளில் சுமந்து கொண்டுபோய் அவர் வீட்டு வாசலில் இறக்கினார்.

கருடகிரியில் லேபுக்குப் பூட்டு. கணக்கு எடுத்தவரே கெமிஸ்ட்ரியும் எடுத்தார். எந்த ஜூனியர் காலேஜ் என்று சீனியர்கள் கேட்டார்கள். பெயரைச் சொன்னதும் சிரித்தார்கள். அரசு உதவி மையத்தில் போய்த் தன் ஆப்ஷன் தாளை வாங்கிப் பார்த்தான். ஏழு வரி. ஏழிலும் ஒரே காலேஜ். சிவில், மெக்கானிக்கல் என்று பிரிவு மட்டும் மாறியிருந்தது. நாலாவது செமஸ்டரில் நின்றுவிட்டான். சர்டிஃபிகேட்டெல்லாம் இன்னும் அந்தக் காலேஜின் பீரோவில்தான்.

அப்பனிடம் சொல்லவில்லை. சொன்னால், சார் அப்படிச் செய்வாரா என்றுதான் அவர் கேட்டிருப்பார். பத்தாவது முடித்த தங்கச்சியை ஏ.ஓ. சார் இலவசச் சீட்டில் சேர்த்துக்கொள்கிறார் என்று வீராசாமி மனம் குளிர்ந்து வந்து சொன்னபோதும் அவன் தடுக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குள் போய்வர அவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய ஒன்பது நாள் அவன் சரியாகத் தூங்கவில்லை. காலையில் ஷிஃப்ட் முடிந்து நேரே சித்தூர் பஸ் ஏறுவான். பஸ்ஸில் தூங்குவதுதான் தூக்கம். பிரியங்கா வகுப்புப் பிள்ளைகளை இரண்டு மூன்று பேராக உதவி மையத்துக்கு அழைத்து வருவாள். ஹால் டிக்கெட்டும் ஆதாரும் காட்டினால் போன் நம்பரை மாற்றிக் கொடுத்தார்கள். ஒன்பதாவது நாள் எல்லாருடைய நம்பரும் அவரவர் கைக்கு வந்துவிட்டது. யாரும் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான். திறக்கவில்லை. அந்த ஏழு வரித் தாளை அவர்கள் ஒவ்வொருவருக்கும் காட்டியிருந்தான்.

ஒரு விஷயம் மட்டும் அவனைக் கேட்காமல் நடந்தது. பிரியங்கா, காரணம் சொல்லாமல், ஹரிதாவையும் அழைத்துப் போய் நம்பரை மாற்றிவிட்டாள்.

"அவ எம் ஃப்ரெண்டு அண்ணா. எல்லாருக்கும் மாத்திட்டு அவள மட்டும் எப்படி உடறது?"

முதலில் கோபம் வந்தது. பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போனான். புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் கோபம் போய், அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது.

நம்பரை மாற்றினால் பிள்ளைகள் தப்பிப்பார்கள், சரி. ஏ.ஓ.வுக்கு என்ன நஷ்டம்? அடுத்த வருஷம் வேறு பிள்ளைகள் வருவார்கள். அவனுக்கு அது போதவில்லை. அந்த ஆளின் வீட்டிலிருந்து ஒருத்தர் கருடகிரி ஹாஸ்டலில் சாம்பார் ஊற்றித் துன்ன வேண்டும். வேறு எதுவும் கணக்கில் சேராது.

அப்பனுக்கு அவன் சொல்லிக் கொடுத்தது ஒரு வாக்கியம்தான். மரியாதை அவருடையது. அதனால்தான் அது வேலை செய்தது.

ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் ஏ.ஓ. சார் கருடகிரியின் பெருமைகளைச் சொல்லி முடித்து, யாருக்காவது சந்தேகம் இருக்கிறதா என்று கேட்டார். வீராசாமி இரண்டு கையையும் கட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், எங்களுக்கு இன்னா தெரியும். ஹரிதாம்மாவுக்கு நீங்க இன்னா போடறீங்களோ, அத்தயே எங்க பொண்ணுக்கும் போட்டுக்கறோம். மொதல்ல அதுக்குப் போடுங்க. கண்ணால பாத்துக்கறோம்."

சுவரோரம் நின்றவர்கள் எல்லாரும் அதுதான் சரி என்றார்கள். பெரிய விவசாயி எந்த விதை போடுகிறாரோ அதையே போட்டுப் பழகினவர்கள். ஆதிகேசவன் ஒரு நிமிஷம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். மகளுக்கு அவர் வைத்திருந்த வரிசை வேறு. ஆனால் கடைசித் தேதி செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. அதுவரைக்கும் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். அந்த அறையில் அது தெரிந்தவர் தான் ஒருவர்தான் என்று அவர் நினைத்தார்.

"போட்றா தேவேந்திரா" என்றார்.

ஓ.டி.பி. அவர் போனுக்கு வரவில்லை. ஹரிதாவின் போன் கிணுகிணுத்தது. நம்பரை மாற்றிக்கொண்டேன் டாடி, பிரியங்காவோடு போய் மாற்றினேன் என்று அவள் சொன்னாள். அவர் மகளை ஒரு பார்வை பார்த்தார். இருபத்திரண்டு குடும்பம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அதற்கு மேல் பார்க்க முடியவில்லை. சுவரில் ஹரிதாவின் பெயரும், அதற்குக் கீழே முதல் ஆப்ஷனாகக் கருடகிரியும் பெரிதாக விழுந்தன. சில பேர் கை தட்டினார்கள்.

அப்போது கங்கையா எழுந்தார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் காணிப்பாக்கத்துக் குளத்தில் முங்கி, வரசித்தி விநாயகர் எதிரில் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர். அன்றிலிருந்து ஒரு சொட்டு தொட்டதில்லை. அந்தப் பக்கத்தில் நிலத் தகராறானாலும் திருட்டுப் பழியானாலும் கடைசிப் பேச்சு காணிப்பாக்கம்தான். போலீஸ் ஸ்டேஷனில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூட அங்கே வாய் குழறுவான் என்பது பேச்சு. போன வாரம் பஸ்ஸில் சிரஞ்சீவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, வரிசையைக் கடைசி நிமிஷம்வரை மாற்றலாமாம் பெரியப்பா என்று மட்டும் சொல்லியிருந்தான்.

"ஏ.ஓ. சாரு தப்பா நெனச்சிக்கக் கூடாது" என்றார் கங்கையா. "கம்ப்யூட்டர்ல எழுதினது அழிஞ்சிடும்னு சொல்லிக்கினு கீறாங்க. காணிப்பாக்கம் இங்கதான கீது. ஒரு முங்கு முங்கி, இத்த மாத்த மாட்டேன்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா எங்களுக்கு நெம்மதி. நாளைக்கே வந்து எல்லாரும் போட்டுடறோம்."

ஆதிகேசவன் சிரித்தார். போகலாமே, காலேஜ் பஸ்ஸே இருக்கிறது என்றார். இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்வார் என்று சிரஞ்சீவி எதிர்பார்க்கவில்லை.

குளத்தில் முங்கி, ஈர வேட்டியோடு ஆதிகேசவன் சந்நிதிக்குப் போனார். அவருடைய கண்ணாடியும் போனும் ஹரிதா கையில். ஜனம் சுற்றி நின்றது.

"கருடகிரி நல்ல காலேஜ்னு தெரிஞ்சுதான் எம் பொண்ணுக்குப் போட்டேன். போட்டத நானும் மாத்த மாட்டேன், எம் பொண்ணும் மாத்தாது. சத்தியம்."

ஓட்டலில் இட்லி சொல்கிற குரல். ஒரு எழுத்து நடுங்கவில்லை. மடப்பள்ளிப் பக்கம் நின்றிருந்த சிரஞ்சீவிக்கு அப்போதே புரிந்துவிட்டது. இந்த ஆளுக்குப் பயம் கிடையாது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, மகளின் வரிசையை மாற்றிவிட்டுப் படுப்பார். ஐந்து வருஷம் காத்திருந்தது வீண்.

அவன் பார்க்கத் தவறியது ஹரிதாவின் முகத்தை. அவள் வெளுத்துப் போய், அப்பாவின் கண்ணாடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள் என்று பிரியங்காதான் பிறகு சொன்னாள்.

திங்கட்கிழமை கம்ப்யூட்டர் அறைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. எல்லாரும் அவரவர் ஊரிலிருந்து, அவரவர் போனில், தங்களுக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டார்கள். யார் எதைப் போட்டால் எது கிடைக்கும் என்று போன வருஷத்துப் பட்டியலை வைத்து சிரஞ்சீவி ஏற்கெனவே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்திருந்தான். தேவேந்திரன் ஒவ்வொரு ஹால் டிக்கெட் எண்ணாக அடித்துப் பார்த்தான். ஏ.ஓ.வின் போன்கள் மேஜைமேல் சும்மா கிடந்தன. வீராசாமிக்கு மட்டும் விஷயம் பிடிபடவில்லை. சார் சத்தியமே செய்துவிட்டாரே, நாமும் அதையே போட வேண்டியதுதானே என்று வீட்டில் இரண்டு தடவை கேட்டார். சிரஞ்சீவி அந்த ஏழு வரித் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்து, விரலால் ஒவ்வொரு வரியாகக் காட்டினான். அவருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் ஏழும் ஒரே மாதிரி இருப்பது தெரிந்தது. எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணிக்கு, வேலைக்காக எடுத்திருந்த திருப்பதி ரூமில் சிரஞ்சீவி படுத்திருந்தபோது பிரியங்கா போன் செய்தாள். அழுதிருந்தாள். ஹரிதாவின் அப்பா ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஓ.டி.பி. கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். அவள் தர மாட்டேன் என்கிறாளாம். பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டாளாம். அடி கூட விழுந்ததாம். சத்தியத்தை மீறினால் டாடிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பிடிவாதமாக இருக்கிறாள்.

"நீ பண்ணதெல்லாம் அவகிட்ட சொல்லிட்டேன் அண்ணா. எங்க அண்ணன் போட்ட வலைடி, அதுக்காக நீ போவாதன்னு சொன்னேன். கேக்க மாட்றா. உன் நம்பர் கேட்டா. குடுத்துட்டேன். அவகிட்ட நல்லபடியா பேசு. இன்னும் நாலு மணி நேரம் கீது."

கொஞ்ச நேரத்தில் புது நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. மூன்றாவது மணியில் எடுத்தான்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் ஹரிதா. "கருடகிரி நெஜமாவே மோசமா?"

பொய் சொல்ல ஒரு காரணமும் இல்லை. உண்மை அந்த ஆளை இன்னும் அதிகமாகக் கடிக்கும்.

"மோசம்."

"எங்க டாடிக்கு அது தெரியுமா?"

"என்னை அனுப்பறதுக்கு முன்னாடியே தெரியும். இத்தினி வருஷமா தெரிஞ்சேதான் அனுப்பிக்கினு கீறாரு."

அந்தப் பக்கம் ஃபேன் சுற்றுகிற சத்தம் கேட்டது. ஒரு வார்த்தை அவனிடம் மிச்சம் இருந்தது. அந்தச் சத்தியத்துக்கு நீ பொறுப்பில்லை, மாற்றிக்கொள் என்கிற வார்த்தை. அவன் சொன்னால் அவள் ஒருவேளை கேட்டிருக்கலாம். ஏமாந்தவன் சொல்கிற வார்த்தைக்கு அவளிடம் ஒரு மதிப்பு இருந்தது. இல்லாவிட்டால் போன் செய்திருக்க மாட்டாள். அவன் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான்.

"அப்போ பிள்ளையார் எதிர்ல சொன்னதுல பாதி பொய்" என்றாள் அவள். "மீதியாவது நெஜமா இருக்கட்டும்."

வைத்துவிட்டாள். அவன் புரண்டு படுத்தான். மாலை ஆறு மணிக்கு எழுந்து குளித்து, கம்பெனி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது நேரத்தைப் பார்த்தான். ஆறரை. ஒன்பது நாள் தூக்கம் பாக்கி இருந்தும் உடம்பு லேசாக இருந்தது.

பிரியங்காவுக்குத் திருப்பதி யுனிவர்சிட்டி காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடைத்தது. செய்தியை அம்மாவிடம் சொன்னாள், நைனாவிடம் சொன்னாள். அண்ணனிடம் சொல்லவில்லை. சேர்க்கைக்கு அவன் கூட வருகிறேன் என்றதற்கு, நைனாவே போதும் என்றாள்.

கருடகிரிக்கு அந்த வருஷம் ஆதிகேசவன் கொடுத்த பிள்ளை ஒன்றே ஒன்று. ரேங்க் பார்த்தால் அந்தக் காலேஜ் திறந்த நாளிலிருந்து அப்படி ஒரு பிள்ளை அங்கே சேர்ந்ததில்லை. நிர்வாகம் விடுமா? எங்கள் காலேஜை நம்பித் தன் சொந்த மகளையே சேர்த்த கல்வியாளர் என்று போட்டு, அப்பாவும் மகளும் நிற்கிற படத்தோடு ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒன்று, காலேஜ் வாசலில் ஒன்று. வேறு எங்காவது மேனேஜ்மென்ட் சீட் வாங்கலாம் என்று அவர் மகளிடம் கெஞ்சினார் என்று வகுப்புப் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அதுவும் மாற்றுவதுதானே டாடி என்றாளாம்.

ஹாஸ்டலில் சேர்க்கிற நாள் எது என்று சிரஞ்சீவி விசாரித்து வைத்திருந்தான். ஷிஃப்ட் முடிந்து ரூமுக்குப் போகாமல், ஷேர் ஆட்டோ பிடித்து அடிவாரத்துக்கு வந்தான். இரண்டு வருஷம் படித்த இடம்தான். பெண்கள் ஹாஸ்டல் பக்கம் அவன் வந்ததில்லை. எதிரே ஒரு டீக்கடை இருந்தது. ஒரு டீயை வாங்கிக்கொண்டு மதியம்வரை உட்கார்ந்திருந்தான்.

கார் வந்து நின்றது. ஆதிகேசவன் டிக்கியைத் திறந்து டிரங்குப் பெட்டியைத் தானே இறக்கினார். ஃப்ளெக்ஸில் இருந்த ஆளுக்கும் இவருக்கும் பத்து வயசு வித்தியாசம் தெரிந்தது. பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவனைப் பார்த்துவிட்டார். ரோட்டைக் கடந்து வந்தார்.

"வீராசாமி பையன்தான நீ?"

"ஆமா சார்."

"என்கிட்ட மோதியிருக்கலாமே. எம் பொண்ணு உன்ன இன்னாடா பண்ணா?"

"நான் உங்கள இன்னா சார் பண்ணேன்?" என்றான் சிரஞ்சீவி. "பதினெட்டு வயசு எனக்கு. திரையக் கூட திருப்பிக் காட்டலயே நீங்க."

அவர் இன்னும் ஓர் அடி கிட்டே வந்தார். சட்டையைப் பிடிப்பார் என்று டீக்கடைக்காரன் அடுப்பைக் குறைத்துவிட்டுப் பார்த்தான். பிடிக்கவில்லை. பின்னாலிருந்து ஹரிதா கூப்பிட்டாள். நேரமாகிறது, மூன்று மணிக்கு மேல் உள்ளே விட மாட்டார்களாம்.

அவள் சிரஞ்சீவியைப் பார்த்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் வாங்கிக்கொள்ளவும் தயாராகத்தான் வந்திருந்தான். அவள் அந்தப் பக்கத்திலிருந்தே கேட்டாள்.

"இங்க தண்ணிய அப்படியே குடிக்கலாமாண்ணா?"

"காய்ச்சிக் குடி" என்றான். இன்னொரு தடவை சொன்னான்.

பெட்டியின் ஒரு பக்கத்தை அப்பாவும் மறு பக்கத்தை மகளும் பிடித்துக்கொண்டு வாசல்வரை போனார்கள். வார்டன் சுந்தரம்மா குறுக்கே வந்து நின்றாள். ஆம்பளைங்க இதுக்கு மேல வரக் கூடாது என்றாள். நான் இந்தக் காலேஜுக்கு எவ்வளவு வேண்டியவன் தெரியுமா என்று ஆதிகேசவன் ஆரம்பித்தார். யாராயிருந்தாலும் அதே ரூல்தான் என்று அவள் பெட்டியின் அந்தப் பக்கத்தை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஹரிதா அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்துவிட்டு எடுக்க மறந்து நின்றார். அவளே மெதுவாக விலகி உள்ளே போனாள்.

இரும்புக் கதவு அடிப்பக்கம் சிமெண்டில் உரசிக்கொண்டு நகர்ந்தது. சுந்தரம்மா தோளால் ஒரு தள்ளு தள்ளிச் சாத்தினாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. அதன்பின் பூட்டு.